பாலம் கண்ணுக்குப் பாலம், படத்தில் கேக்: எங்கே தவறுகிறேன்?

குறுக்குத்துறைக்காரன்
ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தவன். இன்று ஒரு வயிற்றெரிச்சலோடு வந்திருக்கிறேன்.

நெல்லையில் தாமிரபரணிமேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தின் இரண்டு வளைவுகளைச் சிறிய மாதிரியாகச் செய்து முடித்துவிட்டேன். 1843இல் திறந்தபோது இருந்த அகலம், 1:72 அளவு. ஏன் 72 என்றால், மூலப் பாலத்தின் ஒவ்வொரு வளைவும் 60 அடி. 72ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 10 அங்குலம். இப்படி வகுபடும் பாலத்தைச் செய்யாமல் விடுவது பாவம் என்று தோன்றியது. மொத்தம் 760 அடி, 11 வளைவுகள். முழுவதையும் செய்தால் பத்தரை அடி நீளம் வரும். எங்கள் வீட்டுப் பட்டாசாலையே அவ்வளவுதான். அதனால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

உடம்பு சன்போர்டு என்ற இலேசான நுரைப்பலகை. மேலே வால் புட்டி, கல்வரிகள் ஊசியால் கீறியவை. தூண்களில் ஒட்டி நிற்கும் இரட்டை அரைத்தூண்களை அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர் ஒருவரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். முழுத்தூணாகக் கடைந்து நெடுக அறுத்தால் ஒன்றுக்கு இரண்டு. "இதை வைத்துப் பிள்ளை என்ன விளையாடும்?" என்று கேட்டார். பிள்ளைக்கு 54 வயது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் அசந்துபோனார்கள். ஆனால் கைபேசியில் படம் எடுத்தால் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கிறது. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் திட்டுங்கள்.

[படம் 1, 2, 3: மேசைமேல் பாலம், மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்தவை]

தூத்துக்குடித் தோணி
ஞாயிறு, இரவு 9.50

அண்ணாச்சி, திட்டச் சொன்னதால் திட்டுகிறேன். மூன்று படங்களையும் காக்கை எடுத்திருக்கிறது. சுலோசன முதலியார் பாலத்தை வானத்திலிருந்து பார்த்த ஆள் நெல்லையில் எத்தனை பேர்? நீங்களும் நானும் அதைக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறோம். மேலிருந்து பார்க்கப்படும் எந்தப் பொருளையும் மனம் "சிறியது" என்று எடுத்துக்கொள்ளும். கேக்கை அப்படித்தான் பார்க்கிறோம்.

கணக்கு எளிது. நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து சுமார் 160 சென்டிமீட்டர். 72ஆல் வகுத்தால் 2.2 சென்டிமீட்டர். உங்கள் லென்ஸ் மாதிரியின் கரையிலிருந்து அந்த உயரத்தில் இருக்க வேண்டும். கைபேசியை நேராக நிறுத்தினால் முடியாது, லென்ஸ் மேல் மூலையில் இருக்கிறது. தலைகீழாக நிறுத்துங்கள். லென்ஸ் தரையைத் தொட்டுக்கொண்டு வரும். படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம்.

நான் தோணி செய்கிறவன். படகுகளையும் இப்படித்தான் எடுக்கிறேன்: துறையில் நிற்கிறவனின் கண்ணிலிருந்து.

தென்காசி வடிவு
ஞாயிறு, இரவு 10.31

வேலை மிக நன்றாக இருக்கிறது அண்ணாச்சி. கல்வரிகள் ஒரே ஆழத்தில் இல்லாமல் கூடியும் குறைந்தும் இருப்பதுதான் அதற்கு உயிர். அதைக் கெடுப்பது இரண்டு. ஒன்று ஃபிளாஷ். இன்னொன்று மேலே நீங்கள் அடித்திருக்கும் வார்னிஷ்.

பளபளப்பு சிறிதாகாது. பாலத்தை 72 மடங்கு சுருக்கலாம், ஒளி தெறிக்கும் விதத்தைச் சுருக்க முடியாது. உண்மையான பாலம் வெயிலில் மின்னுவதில்லை. உங்கள் பாலம் அல்வா மேல் நெய் போல மின்னுகிறது. மேட் வார்னிஷ் வாங்கி ஒரு கை அடியுங்கள். அதில் கலந்திருக்கும் சிலிக்காத் துகள்கள் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிக்கும். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு வேதியியல் நடத்தியதன் பயன் இப்போதுதான் தெரிகிறது.

நிறத்தையும் கொஞ்சம் வெளுக்க வேண்டும். நூறு அடிக்கு அப்பால் உள்ள சுவரைக் காற்றின் தூசியும் ஈரமும் வெளிறச் செய்துவிடுகின்றன. மேசைமேல் இருக்கும் மாதிரிக்கு அந்தக் காற்று இல்லை. ஆகவே வண்ணத்திலேயே சொட்டு வெள்ளை சேர்த்துவிட வேண்டும். கறுப்பைக் கறுப்பாகவே அடிக்காதீர்கள். தூசிக்கு நான் விபூதியும் அடுப்புக்கரிப் பொடியும் பயன்படுத்துகிறேன். மென்மையான தூரிகையால் தடவி ஊதிவிட்டால் போதும். பூஜையறையிலிருந்து விபூதி குறைவதைப் பற்றி வீட்டில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

குறுக்குத்துறைக்காரன்
திங்கள், இரவு 8.45

தலைகீழாக வைத்து எடுத்தேன். பாலம் திடீரென்று உயர்ந்து நிற்கிறது! நன்றி தோணி அண்ணாச்சி. ஆனால் இப்போது புதிய வினை. முதல் தூண் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல். வளைவுக்குள்ளே எங்கள் வீட்டுப் பீரோவும் அதன்மேல் இருக்கும் இட்லிக் கொப்பரையும் தெரிகின்றன.

[படம் 4]

குவைத் நெல்லைக்காரன்
திங்கள், இரவு 11.20

கைபேசியை நம்பினால் இப்படித்தான். நல்ல கேமரா, கிட்டத்தில் எடுக்க மேக்ரோ லென்ஸ், லென்ஸின் துளையை f/16 என்று சிறிதாக்கி வையுங்கள், இரண்டு பக்கமும் துணி மூடிய எல்இடி விளக்குகள். நான் டமியா என்ற ஜப்பான் கம்பெனியின் 1:35 டாங்கு மாதிரிகளை எல்லாம் இந்த முறையில்தான் எடுக்கிறேன். இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

[படம்: சாம்பல் நிறப் பின்னணியில் டாங்கு]

மீட்டர்கேஜ்
செவ்வாய், காலை 6.05

குவைத் தம்பி, உங்கள் டாங்கு அழகு. ஆனால் அது கடையின் விளம்பரப் படம். டாங்கு எந்த ஊரில், எந்த நேரத்தில் நிற்கிறது என்று சொல்லவில்லை. துணி மூடிய விளக்கு என்பது மேகம் மூடிய வானம். இரண்டு பக்கமும் வைத்தால் இரண்டு மேகம், நிழலே கிடையாது. திருநெல்வேலியில் நிழல் இல்லாத பாலமா?

நமக்கு இருப்பது ஒரே சூரியன். வானத்தில் அதன் அகலம் அரைப் பாகைதான். அதனால்தான் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல விழுகிறது. வீட்டுக்குள் அதே நிழல் வேண்டுமானால் சிறிய விளக்கு ஒன்றை அறையின் மறுகோடியில் வைக்க வேண்டும். அருகே வைத்தால் வளைவுகளின் நிழல்கள் விசிறி போல விரியும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொம்மை என்று தெரிந்துவிடும். இவ்வளவு பாடு எதற்கு? மாதிரியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மூலத்துக்கும் மாதிரிக்கும் பொதுவாகக் கிடைப்பது வெயில் ஒன்றுதான், அதுவும் இலவசம்.

அடுத்து அந்த மங்கல். அண்ணாச்சி, லென்ஸை முதல் தூணுக்கு ஆறு அங்குலத்தில் வைத்திருக்கிறீர்கள். 72ஆல் பெருக்கினால் 36 அடி. அவ்வளவு பெரிய பாலத்தை யாராவது 36 அடியில் நின்று படம் எடுப்பார்களா? பின்னால் வாருங்கள். கரையில் 150 அடி தள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டால் மாதிரிக்கு 25 அங்குலம். தள்ளிப் போகப் போகத் தெளிவு நிற்கும் ஆழமும் கூடும், கோணமும் இயல்பாகும். படத்தில் பாலம் சிறிதாகத் தெரிந்தால் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒளியைப் பதியும் உணரி சிறியது. இந்த ஒரு விஷயத்தில் அது பெரிய கேமராவை வெல்லும். f/16க்கு மேல் துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மழுங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியும் போதவில்லை என்றால் கைபேசியை அசையாமல் நிறுத்தி, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்தி எட்டுப் பத்துப் படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்கிக்கொள்ளலாம். இலவசமாகவே கிடைக்கிறது. காற்றில் ஒரு புல் அசைந்தாலும் அது பத்துப் புல்லாகிவிடும், எச்சரிக்கை.

குவைத் நெல்லைக்காரன்
செவ்வாய், பிற்பகல் 2.14

விளம்பரப் படமா! சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே கோடை வெயிலில் வைத்தால் டாங்கு உருகும் அண்ணாச்சி. ஐம்பது டிகிரி என்பது கதையல்ல.

சங்கரன்கோவில் மாணவன்
செவ்வாய், மாலை 5.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பிளஸ் டூ படிக்கிறேன். கையில் முந்நூறு ரூபாய் இருக்கிறது. வெளிநாட்டுக் கிட் எல்லாம் ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். என்ன செய்து பழகலாம்?

வள்ளியூர் ராக்கெட்
செவ்வாய், இரவு 7.02

தம்பி, உனக்குத்தான் காத்திருந்தேன். பி.எஸ்.எல்.வி. ராக்கெட் செய். அதன் உடம்பின் விட்டம் 2.8 மீட்டர். குழாய்க் கடையில் கிடைக்கும் 40 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் அதே 40. வகுத்துப் பார், 1:70 என்று வரும். உயரம் 44 மீட்டர் சொச்சம், உன் கையில் 63 சென்டிமீட்டர். குழாய்க்கு மிஞ்சிப் போனால் நூறு ரூபாய், மீதிக்கு வண்ணமும் உப்புத்தாளும். குழாயின் மினுமினுப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் வண்ணம் பாம்புச் சட்டை போல உரியும்.

அளவு விகிதத்தை முதலில் வைத்துக்கொண்டு பொருளைத் தேடி அலையாதே. கிடைக்கும் பொருளைப் பார்த்து அளவை முடிவு செய். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குவைத் தம்பி சொன்ன 1:35 எப்படி வந்தது தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் டமியா முதல் டாங்கைச் செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி வரைந்தார்கள். வரைந்து முடித்து அளந்தால் ஏறத்தாழ 35இல் ஒன்று. உலகமே இன்று அந்தப் பேட்டரிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் மகேந்திரகிரி. அங்கே எஞ்சின் சோதனை நடக்கும் ஊருக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்?

மீட்டர்கேஜ்
செவ்வாய், இரவு 9.30

அளவு விகிதம் என்று பேச்சு வந்துவிட்டது, இனி என்னை நிறுத்த முடியாது.

உலகச் சந்தையில் கிடைக்கும் 1:87 ரயிலுக்குத் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரி. நம் அகலப் பாதையோ 1676. 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல். கடையில் வாங்கிய தண்டவாளத்தில் நம் எஞ்சினை நிறுத்தினால் பெரியவர் சிறுவனின் டவுசரைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அதே தண்டவாளத்தை வைத்துக்கொண்டு வண்டியை 1:100இல் செய்தால் பொருந்திவிடும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

நான் செய்வது மீட்டர் கேஜ். 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5. கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் உண்டு. அரை மில்லிமீட்டர் பொய்யோடு வாழப் பழகிவிட்டேன்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மலையேறிய பழைய பாதைதான் என் பாடம். 1904 முதல் பயணிகள் போன பாதை. 2010இல் நிறுத்தினார்கள், அகலப்படுத்தி 2018இல் திறந்தார்கள். நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் விடுமுறை எடுத்துக்கொண்டு பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் டேப்போடு போனேன். நடைமேடை உயரம், ஜன்னல் அகலம், பெஞ்சின் கால் வரைக்கும் அளந்தேன். சிக்னல் கம்பத்தை மட்டும் அளக்கவில்லை. "அது எங்கே போகப் போகிறது" என்று நினைத்தேன். இன்று என் மாதிரியில் எல்லாம் இருக்கிறது, சிக்னல் கம்பம் உத்தேசம்.

எவருக்கும் சொல்வது இதைத்தான்: இன்று நிற்பதை இன்றே அளந்து வையுங்கள்.

தூத்துக்குடித் தோணி
புதன், காலை 7.15

உத்தேசம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதால் கேட்கிறேன். குறுக்குத்துறை அண்ணாச்சி, இன்றைக்கு நிற்கும் பாலம் பிற்பாடு அகலப்படுத்தியது. நீங்கள் செய்திருப்பது 1843. அப்படியானால் மேலே கைப்பிடிச் சுவரின் வடிவத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?

குறுக்குத்துறைக்காரன்
புதன், காலை 8.02

பிடித்துவிட்டீர்கள். 21½ அடி அகலம் என்பது பதிவாகி இருக்கிறது. அதை 3½ அங்குலமாக்கிவிட்டேன். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் கட்டியது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பாலத்தின் பழைய சித்திரங்களைப் பார்த்து என் மனத்துக்குப் பட்டபடி வைத்தேன்.

தூத்துக்குடித் தோணி
புதன், காலை 8.20

மனத்துக்குப் பட்டபடி என்றால் அது கற்பனை. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் அல்லவா, அதன் கப்பல்களான காலியாவையும் லாவோவையும் செய்து தரச் சொல்லி ஆண்டுக்கு நாலு பேர் என்னிடம் வருகிறார்கள். வரைபடம் கையில் இல்லாமல் செய்யமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். தப்பான புகைபோக்கி வைத்துவிட்டால் அதையே பள்ளிப் பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். பொய் பரவுவதற்கு மாதிரியைப் போல நல்ல வாகனம் இல்லை.

தென்காசி வடிவு
புதன், காலை 10.44

தோணி அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தின்படி நடந்தால் நம் ஊர்ப் பொருள் எதுவுமே மாதிரியாகாது. வெள்ளைக்காரன் டாங்குக்கு ஆணி எண்ணிக்கை வரை புத்தகம் இருக்கிறது. நம் சத்திரத்துக்கும் ஓடத்துக்கும் யார் வரைந்து வைத்தார்கள்? உங்கள் தோணிக்கே காகித வரைபடம் ஏது? கட்டிய ஓடாவியின் தலைக்குள்தானே இருந்தது?

தெரிந்தது எது, ஊகித்தது எது என்று அடித்தளத்தில் ஒரு சிறு பலகையில் எழுதிவிடுங்கள் அண்ணாச்சி. "கைப்பிடிச் சுவர் உத்தேசம்." மூன்று சொல். ஊகிப்பதில் குற்றமில்லை. ஊகத்தை ஒளிப்பதில்தான் இருக்கிறது.

தூத்துக்குடித் தோணி
புதன், காலை 11.30

ஓடாவி விஷயத்தில் வாயை அடைத்துவிட்டீர்கள் அக்கா. என் முதல் தோணியை, கரையில் ஏற்றி வைத்திருந்த தோணிக்குக் கீழே படுத்துக்கொண்டு கயிற்றால் அளந்துதான் செய்தேன். பலகைக்கு ஒப்புக்கொள்கிறேன். காலியாவுக்கு மட்டும் மாட்டேன்.

பாளை குடில்
புதன், இரவு 8.16

இந்தப் பொழுதுபோக்கை வெளிநாட்டு இறக்குமதி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்ய சிமெண்டுச் சாக்கும் களிமண்ணும் தேடுவோம். புரட்டாசியில் பக்கத்து வீட்டில் கொலுப் பூங்கா. கேழ்வரகு முளைக்கவிட்டு வயல், கண்ணாடித் துண்டில் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து. அந்த வாத்து கோபுரத்தைவிடப் பெரிதாக இருக்கும். அளவு விகிதம் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

ஒரு கேள்வி. பின்னணி வானத்தை மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாமா? ஒரு பொத்தானை அழுத்தினால் மேகம் வருகிறதே.

மீட்டர்கேஜ்
புதன், இரவு 9.01

வரும். ஒளி கிழக்கிலிருந்து விழும், மேகத்தின் வெளிச்சம் மேற்கிலிருந்து இருக்கும். செய்யலாம், ஆனால் பதினான்கு மாதம் பாலம் கட்டியவர் வானத்தை மட்டும் கடன் வாங்குவானேன்?

தென்காசி வடிவு
புதன், இரவு 9.25

வானம் மாற்றுவதை மூக்குக்கண்ணாடி அணிவது போல என்று நான் எடுத்துக்கொள்வேன். பீரோவை மறைக்க வானம் மாற்றுவதும், இல்லாத மூன்றாவது வளைவைச் செயற்கை நுண்ணறிவில் வரவழைப்பதும் ஒன்றாகாது. பின்னதை இந்த இழையில் யாராவது போட்டால் நான் பேசமாட்டேன்.

ஏரல் அட்டை
வியாழன், அதிகாலை 4.50

தூக்கம் வரவில்லை. இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஒன்று சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. எங்கள் தெருவில் ஆறு நுழைந்தபோது பிள்ளைகளையும் அம்மாவையும் மாடிக்கு ஏற்றினோம், பிறகு அரிசி, பிறகு பத்திரங்கள். என் மாதிரிகள் கீழறையில் பரணுக்குக் கீழே இருந்த அலமாரியில். பதினொன்று. எல்லாம் அட்டை, எல்லாம் ஃபெவிகால். காய்ந்த ஃபெவிகால் தண்ணீரில் ஊறினால் மறுபடியும் பால் போல வெளுத்துக் கட்டு விடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நேரில் பார்ப்பது வேறு. மூன்றாம் நாள் அறையைத் திறந்தபோது சேற்றில் ஜன்னல்கள் மட்டும் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றை ஓ.எச்.பி. என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டியிருந்தேன், அது ஊறாது.

மறுபடியும் செய்யலாம் என்று கைபேசியில் படங்களைத் தேடினேன். நாற்பது ஐம்பது படங்கள் இருந்தன. எல்லாம் தோணி அண்ணாச்சி சொன்ன காக்கைப் படங்கள். எல்லாவற்றிலும் கூரை தெரிகிறது. ஒரு வீட்டுக்காவது பின்சுவர் தெரியவில்லை. எங்கள் தாத்தா வீட்டை அவர் சொல்லக் கேட்டுச் செய்திருந்தேன். வீடும் இல்லை, தாத்தாவும் இல்லை, இப்போது மாதிரியும் இல்லை. அடுக்களைக்குப் பின்னால் எத்தனை படி வைத்தேன் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அழகான படத்துக்கு முன்னால் சலிப்பான படம் எடுங்கள் அண்ணாச்சி. நான்கு பக்கமும், நேராக, பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து. பிறகு சூரியனைப் பாருங்கள்.

குறுக்குத்துறைக்காரன்
வியாழன், காலை 6.10

ஏரல் தம்பி, இன்று வேலைக்குப் போகும்முன் எடுத்துவிட்டேன். நான்கு பக்கமும், கீழிருந்தும். அடிக்கோல் வைத்து. இணைக்கிறேன். உங்களுக்காகத்தான்.

[படம் 5 முதல் 9 வரை]

பாளை குடில்
வியாழன், காலை 9.00

ஏரல் அண்ணனுக்கு: எத்தனை படிகளாக இருந்தாலும் மூன்று என்று வைத்துவிட்டுப் பலகையில் "உத்தேசம்" என்று எழுதுங்கள். அட்டை நான் தருகிறேன். இந்த முறை மாடியில் வையுங்கள்.

குறுக்குத்துறைக்காரன்
வெள்ளி, இரவு 9.20

அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

மேட் வார்னிஷ் அடித்தாயிற்று. எபாக்சிப் பிசின் ஊற்றிச் செய்திருந்த ஆற்றை உடைத்து எடுத்துவிட்டேன். அது உறைந்த நெய் போலத்தான் இருந்தது. மணலிலும் தவறு செய்திருந்தேன். ஆற்று மணலை அப்படியே தூவியிருந்தேன். ஒரு மில்லிமீட்டர் மணி 72 மடங்கானால் 7 சென்டிமீட்டர், அதாவது கரை முழுவதும் தேங்காய்ச் சில்லு அளவு கற்கள். மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து அடியில் விழுந்ததை மட்டும் தூவினேன். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் நல்ல நைசு என்று ஒரு நண்பர் கொடுத்தார். நைசுதான், ஆனால் அந்தச் சிவப்பில் தாமிரபரணி சாத்தான்குளத்துக்குப் போய்விட்டது. கரை நாணலுக்குப் பத்தமடையில் பாய் நெய்பவர்கள் வீட்டில் விழுந்து கிடந்த கோரைக் கீற்று.

தண்ணீரை என்ன செய்வது?

தூத்துக்குடித் தோணி
வெள்ளி, இரவு 9.48

உண்மைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீர் எந்த அளவு விகிதத்துக்கும் கட்டுப்படாது. துளி துளியாகத்தான் நிற்கும், ஓரத்தில் மேலேறி விளிம்பு கட்டும். நான் கடலுக்கு மெல்லிய காகிதக் கைக்குட்டையைப் பசையில் நனைத்துச் சுருக்கம் சுருக்கமாக ஒட்டி, வண்ணம் அடித்து, மேலே பளபள வார்னிஷ். வடிவு அக்கா கோபிக்க வேண்டாம், பளபளப்புக்கு உரிமையுள்ள இடம் அது ஒன்றுதான். ஆற்றுக்குச் சுருக்கம் குறைவாக, ஓட்டத்தின் திசையில் இருக்கட்டும். தூணில் மோதும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

சேரன்மகாதேவித் தேர்
வெள்ளி, இரவு 10.30

அசையும் படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சின்ன மாதிரி வேகமாக ஆடும், வேகமாக விழும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். காலம் அளவின் வர்க்கமூலத்தில் சுருங்குகிறது. 1:25 மாதிரியை ஐந்து மடங்கு மெதுவாகக் காட்ட வேண்டும். நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் படத்துக்கு 120 சட்டத்தில் எடுத்தால் கணக்குச் சரி. பல கைபேசிகளில் அந்த வசதி இருக்கிறது. குற்றாலத்தை 1:25இல் செய்து, தண்ணீருக்குப் பதில் தூத்துக்குடிப் பொடியுப்பைக் கொட்டி 120இல் எடுத்தேன். அருவி விழுந்தது. ஈ மொய்க்கவில்லை என்பது கூடுதல் லாபம்.

எடையைப் பற்றியும் ஒரு வரி. நெல்லையப்பர் பெரிய தேர் 450 டன் என்பார்கள். 1:50இல் செய்தால் எடை 50இன் கனத்தால் வகுபடும்: 3.6 கிலோ. என் தேர் தேக்கில் செய்தும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்தது. ஆனால் அதை ஒரு விரலால் இழுத்துவிடலாம் என்பதில் எனக்கு வருத்தமே. ஆனித் தேரை இழுத்த தோளுக்கு அது பிடிக்கவில்லை.

குறுக்குத்துறைக்காரன்
ஞாயிறு, காலை 10.05

மொட்டை மாடிக்கு ஏற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, இன்று விடியற்காலை மைத்துனரும் நானும் பாலத்தைச் சப்பரம் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு குறுக்குத்துறைப் படித்துறைக்கே போய்விட்டோம். படியில் முக்காலி, அதன்மேல் பாலம், பின்னால் நிஜ ஆறும் நிஜ வானமும். தூரத்துக் கரை மாதிரியின் கரையோடு சேரும்வரை முக்காலிக்கு அடியில் செங்கல் வைத்து ஏற்றினேன். மூலப் பாலம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மார்கழி வெயில் தெற்கு முகத்தில் சாய்ந்து விழும். அதே போல மாதிரியையும் திருப்பி வைத்தேன். ஆறே முக்காலுக்குக் கைபேசியைத் தலைகீழாக நிறுத்தி 25 அங்குலத்திலிருந்து எடுத்தேன். குளிக்க வந்தவர்கள் துண்டோடு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் எந்த இலாகா என்று கேட்டார்.

[படம் 10]

மீட்டர்கேஜ்
ஞாயிறு, காலை 10.20

அடடா. இரண்டாவது வளைவுக்குள்ளே விழும் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தென்காசி வடிவு
ஞாயிறு, காலை 10.41

வார்னிஷ் போன இடம் தெரியவில்லை. நாணல்தான் கொஞ்சம் அடர்த்தி. மற்றபடி வாயடைத்துவிட்டது.

தூத்துக்குடித் தோணி
ஞாயிறு, காலை 10.55

நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர்மேல், வலது தூணுக்கு நேரே, கறுப்பாக ஒன்று நிற்கிறதே, அது என்ன?

குறுக்குத்துறைக்காரன்
ஞாயிறு, காலை 11.02

ஐயோ. கட்டெறும்பு. படித்துறையில் ஏறியிருக்க வேண்டும். இப்போதுதான் பார்க்கிறேன்.

வள்ளியூர் ராக்கெட்
ஞாயிறு, காலை 11.06

ஒரு சென்டிமீட்டர் எறும்பு. 72ஆல் பெருக்கினால் 72 சென்டிமீட்டர். நாய் என்று சொல்லிவிடலாம்.

குவைத் நெல்லைக்காரன்
ஞாயிறு, காலை 11.15

மென்பொருளில் இரண்டு நொடியில் அழித்துவிடலாம் அண்ணாச்சி. அனுப்புங்கள், செய்து தருகிறேன்.

ஏரல் அட்டை
ஞாயிறு, காலை 11.18

அழிக்காதீர்கள்.

குறுக்குத்துறைக்காரன்
ஞாயிறு, பிற்பகல் 12.30

அழிக்கவில்லை. பலகை எழுதி ஒட்டியாயிற்று: "அகலமும் வளைவும் பதிவின்படி. கைப்பிடிச் சுவர் உத்தேசம். நாய் தற்செயல்."